டியர்னனுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள்

2 நவம்பர் 2024, சனி

காலை 6.40. தோட்டத்தில் மொத்தம் 412 கல்லறைகள். சிவப்புப் பெயின்ட்டில் எண் எழுதப்பட்டவை 37. எங்களுடையது 19.

பெயின்ட் காயக்கூட இல்லை. எண் போட்டவனுக்குக் கல்லறைத் திருநாள் காலைதான் கிடைத்தது. போத்தனூர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் வாளியும் மட்டையுமாக வந்து, தங்கள் ஆட்களின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். அத்தனை பேர் முன்னாலும் கல்லின் நெற்றியில் சிவப்பில் 19.

வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இடம் இல்லை. 1950-க்கு முந்தைய கல்லறைகளுக்கு உரிமை கோருகிறவர்கள், உள்ளே இருப்பவரிலிருந்து தங்கள் வரைக்கும் தலைமுறை தலைமுறையாகச் சான்று கொடுக்க வேண்டும். கடைசி நாள் டிசம்பர் 16. கொடுக்காவிட்டால் கல்லைப் பெயர்த்து மதிலோரம் சாத்திவிட்டு, குழியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் கல்லில் இருப்பது: மைக்கேல் டியர்னன், ராஸ்காமன் மாவட்டம், அயர்லாந்து. மறைவு 11 ஆகஸ்ட் 1908, வயது 41. உடன் பணிபுரிந்த ஓட்டுநர்கள் எழுப்பியது.

வீட்டுக் கதைப்படி இவர் என் எள்ளுத்தாத்தா. மெயில் வண்டி டிரைவர். வெள்ளத்தில் பாலம் போனதைப் பார்த்து வண்டியை நிறுத்தி இருநூறு பேரைக் காப்பாற்றிவிட்டுச் செத்தவர். இவர் மகன் பேட்ரிக், பேட்ரிக் மகன் ஜெரால்டு, ஜெரால்டு மகன் டெஸ்மண்ட், அதாவது டாடி. டாடி மகன் பிரெண்டன், நான். பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகர். அங்கே என்னைப் ‘பிரண்டை’ என்று கூப்பிடுகிறார்கள். ஐரிஷ் பெயர் வைத்ததற்குக் கிடைத்த பலன் இதுவரை இதுதான்.

டாடிக்கு நுரையீரல் போய்விட்டது. ரயில்வே லோகோ ஷெட்டில் முப்பத்தாறு வருடம் தூசி தின்றவர். நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஆக்ஸிஜன் மெஷினோடு இருக்கிறார். அவருக்கு உலகத்தில் பாக்கி இருக்கும் ஆசை ஒன்றே ஒன்று: டியர்னன் குழியில் புதைக்கப்பட வேண்டும். டாக்டர் ஈஸ்டருக்குப் பிறகு எதையும் திட்டமிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

அறிவிப்பில் இரண்டாவது பட்டியலும் உண்டு. பதினான்கு வருடம் முடியும் பொது வரிசைக் குழிகள். அதில் ஏழாவது பெயர் செல்வி டி., டியர்னனின் டி. என் அம்மா.

சுண்ணாம்பு ஒரு வாளிதான் கொண்டுபோயிருந்தேன். பெரிய கல்லுக்குப் போதவில்லை. பொது வரிசையில் ஏற்கெனவே கொஞ்சம் செலவாகிவிட்டது.

டாடி இதைப் படிக்க முடியாது. அவருக்குத் தமிழ் பேசத்தான் வரும். எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது அம்மா.

3 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்ததும் கல்லறைக் குழுச் செயலாளரைப் பிடித்தேன். இன்னாசிமுத்து. தபால் இலாகாவில் ரிட்டயர் ஆனவர். எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில். கல்லறையைக் காலங்காலமாக நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம் என்பது ஊருக்கே தெரியும், இதற்கு என்ன சான்று என்றேன். துடைத்தார்.

“ஊருக்குத் தெரியுமுங். பேப்பருக்குத் தெரியோணுமில்லீங்?”

ஐந்து ஞானஸ்நானச் சான்று, நான்கு திருமணச் சான்று. எங்களைப் போன்ற ஆங்கிலோ-இந்தியர்களின், சட்டைக்கார வீடுகள் பதினொன்றும் அவர் பட்டியலில் இருக்கின்றன. யாரும் இன்னும் ஒரு தாள்கூடக் கொண்டுவரவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால், “அயர்லாந்துல கேட்டுப் பாருங் தொரை, அங்கெல்லாம் பத்திரமா வெச்சிருப்பாங்க” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அங்கேயும் கேட்பேன். உங்கள் மேசை உடையும் அளவுக்குத் தாள் கொண்டுவந்து போடுவேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

6 நவம்பர், புதன்

கரன்ட் இரண்டு தடவை போனது. இன்வெர்ட்டரில் மெஷின் ஓடியது. பேட்டரித் தண்ணீர் ஊற்றினேன்.

டாடி தினமும் அதையே கேட்கிறார். “என்ன மேன், பேப்பர் என்னாச்சு?” பிளாஸ்டிக் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, பாலம் போன கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். எந்தப் பாலம் என்று கேட்டேன். தெரியவில்லை. எந்த ஆறு? “பெரிய ஆறு.” இருநூறு பேர் என்று எண்ணியது யார்? கோபித்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் பிரிவில் ஒரு பொருளின் அளவைச் ‘சுமார்’ என்று எழுதினால் அந்த லாட்டையே திருப்பி அனுப்புவார்கள். என் குடும்பம் முழுக்கச் சுமார்.

இதையும் எழுதி வைக்கிறேன். 2010 டிசம்பர் 12. அம்மா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவை டியர்னன் குழியில் வைக்கலாமா என்று சாமியார்தான் கேட்டார். டாடியின் தங்கை மெர்ல் ஆன்ட்டி நடுக்கூடத்தில் நின்று, அந்தக் குழி டியர்னன் ரத்தத்துக்கு மட்டும், கட்டிக்கொண்டு வந்தவளுக்கு இல்லை என்றாள். அம்மா சூலூர்க்காரி. தையல் மிஷின் வைத்துக் குடும்பம் நடத்தியவள். டாடி தலையைக் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அது கட்டித்தான் இருந்தது.

அம்மா பொது வரிசைக்குப் போனாள். இரும்புச் சிலுவை, எண் 233.

பதினான்கு வருடம் ஆனால் எலும்பை எடுத்து மூலைக் குழியில் போட்டுவிடுவார்கள். சிலுவையைக் கழுவி அடுத்த ஆளுக்கு வைப்பார்கள்.

10 நவம்பர், ஞாயிறு

அயர்லாந்துப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அது நல்ல விஷயம். ராஸ்காமனில் 1865 முதல் 1869 வரை பிறந்த மைக்கேல் டியர்னன்கள் பதினொரு பேர். இது கெட்ட விஷயம். பதினொரு பேரில் ஏழு பேரின் அப்பா பெயர் ஜான். அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா? ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, அங்கேயே கல்யாணம் செய்தவர்கள், அமெரிக்கா போனவர்கள், குழந்தையில் செத்தவர்கள் என்று அடித்துக்கொண்டே வந்தேன். மிச்சம் மூன்று. மூன்றில் எது நம் ஆள் என்று சொல்ல என்னிடம் ஒரு தகவலும் இல்லை. நூறு வருடமாகப் பெருமை பேசியவர்களில் ஒருவர்கூட அவருடைய அப்பா பெயரைக் கேட்டு வைக்கவில்லை.

கல்லின் படத்தை ராஸ்காமன் வம்சாவளிக் குழு ஒன்றில் போட்டேன். கீழே எங்கள் வரிசையையும் எழுதினேன். வீட்டில் சொன்ன மாதிரி, மைக்கேல் மனைவி ரோஸ், மகன் பேட்ரிக் என்று.

11 நவம்பர், திங்கள்

மெஷின் ஃபில்டர் கழுவினேன். கறுப்புத் தண்ணீர்.

16 நவம்பர், சனி

பங்கு அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஜெரால்டு தாத்தா 1934, சரி. அப்பா பேட்ரிக் டியர்னன், இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன், சரி. பேட்ரிக்கைத் தேடினேன். வீட்டில் சொல்லும் வருடம் 1905. இல்லை. 1904, 1906 இல்லை. 1908 வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஒரு டியர்னன்கூட இல்லை.

பிறந்தநாள் மட்டும் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரியும்: மார்ச் 17. ஐரிஷ் ரத்தம், அதனால்தான் புனித பத்திரிசியார் திருநாளில் சரியாக வந்து பிறந்தார் என்று டாடி சொல்வார். மார்ச் 17-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு வருடம் வருடமாகப் போனேன்.

1911-இல் கிடைத்தது. பிறப்பு மார்ச் 17. பெயர் பத்திரிசு. தாய் ரோசம்மா. தந்தை சின்னப்பன், சமையல்காரர், ஓட்டுநர் தங்கும் விடுதி.

1908-இல் செத்தவருக்கு 1911-இல் பிள்ளை.

திருநாளில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் புனிதரின் பெயரை வைப்பது இங்கே எல்லாத் தெருவிலும் உள்ள வழக்கம்தான். புனித சூசையப்பர் திருநாளான மார்ச் 19-இல் பிறந்த சூசைகள் அதே பக்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் அயர்லாந்துக்காரர் என்று சொல்லவில்லை.

இது வேறு பத்திரிசாக இருக்கலாம். ஒரே ஊரில் ஒரே தேதியில் ரோஸ் மகன் பேட்ரிக்கும் ரோசம்மா மகன் பத்திரிசும். இருக்கலாம். இப்படி ஒரு விளக்கத்தை என் ஜூனியர் எழுதிக்கொண்டு வந்தால் முகத்தில் விட்டெறிவேன்.

17 நவம்பர், ஞாயிறு

டாடியிடம் சொல்லவில்லை. சாமியார் ஊரில் இல்லை, அலுவலகம் பூட்டு என்றேன். இன்னாசிமுத்து கோவில் வாசலில், “மேசை கட்டியாத்தானுங் இருக்கு, எப்பக் கொண்டாறீங்க?” என்றார். ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

23 நவம்பர், சனி

நோரா என்ற அம்மாள் படத்துக்குப் பதில் போட்டிருந்தார். எழுபத்து நான்கு வயது, ஓய்வுபெற்ற நர்ஸ், ராஸ்காமன். மைக்கேலின் தம்பி பேத்தி. மதியம் இரண்டரைக்கு வீடியோவில் பேசினோம். அங்கே காலை ஒன்பது. பின்னால் ஒரு நாய் விடாமல் குரைத்தது.

அவர்கள் வீட்டுக் கதை வேறு. அதில் பாலம் இல்லை. மைக்கேலுக்கு டைபாய்டு. ஓட்டுநர் விடுதியில் ஒன்பது நாள் கிடந்தார். அங்கே சமையல்காரரின் மனைவிதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். மைக்கேலுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவர் செத்த பிறகு இங்கிருந்த சாமியார் அவருடைய தாய்க்கு எழுதினாராம்: மகனின் கல்லறையைப் பற்றிக் கவலை வேண்டாம், சமையல்காரர் மனைவி ஒவ்வொரு நவம்பரும் வெள்ளையடித்து விளக்கேற்றுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். கடிதம் பிறகு ஒரு தீ விபத்தில் போய்விட்டது. கதை போகவில்லை. அந்த ஊரிலும் நவம்பர் இரண்டாம் தேதி இரவு, செத்த ஒவ்வொருவருக்கும் ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி வைப்பார்களாம். அவர்கள் வீட்டில் மட்டும் கணக்குக்கு ஒன்று கூடுதல். இந்தியாவில் மைக்கேலுக்கு விளக்கேற்றுகிற பெண்ணுக்கு. அவள் பெயர் ரோசம்மா என்று நோரா சொன்னார். சரியாகவே உச்சரித்தார். நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள்.

பிறகு, நீங்கள் அவளுடைய பேரன் வழியா, இன்னமும் நீங்கள்தான் செய்கிறீர்களா என்று கேட்டு அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகிறவர்களோடு பேசத் தெரியாது. நெட் சரியில்லை என்று துண்டித்தேன். நெட் நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் வீட்டில் எங்கள் ரோசம்மாவுக்கு மெழுகுவத்தி எரிகிறது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. ரோஸ் என்று ஆக்கி, கவுன் போட்டுவிட்டு, பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரி என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

24 நவம்பர், ஞாயிறு

மெர்ல் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். கிறிஸ்மஸுக்குக் குல்குல் செய்துகொண்டிருந்தாள். முள்கரண்டியின் முதுகில் மாவை வைத்துச் சுருட்டிச் சுருட்டித் தட்டில் போடுவாள். அறுபத்திரண்டு வயது, நர்சரி டீச்சராக இருந்தவள். இப்போதும் என்னிடம் யூகேஜி குரலில்தான் பேசுவாள். உட்காரு, கையைக் கழுவு, நீயும் உருட்டு என்றாள்.

சின்னப்பன் யார் என்று கேட்டேன்.

கை நிற்கவில்லை. இன்னும் நான்கு குல்குல் உருட்டிய பிறகுதான் பேசினாள். கோபமே இல்லாமல், யாரோ வாடகைக்கு இருந்தவர்களைப் பற்றிச் சொல்வதுபோல.

சமையல்காரன் சின்னப்பனும் ரோசம்மாவும் விடுதிக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இருந்தார்கள். ரோசம்மா ஒவ்வொரு வருடமும் வாக்குப்படி கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கண் மங்கிய பிறகு மகனை அனுப்பினாள். பத்திரிசுக்கு அப்போது பதினாறு வயது.

“அந்த வருஷம் ஷெட் ஃபோர்மேன் தன் ஆளுங்க கல்லறைக்கு வந்திருக்கான். மேட்டர் அவ்வளவுதான் மேன். டியர்னன் கல்லறைல ஒரு பையன் மட்டையும் கையுமா நிக்கறான். நீ டியர்னன் பையனான்னு கேட்டான். நம்ம ஊர்ல சுண்ணாம்பு அடிக்கிறவன்தானே மகன்? வேற யாரு அடிப்பா? இவரு யெஸ் சார்னாரு. திங்கட்கிழமை வேலைக்கு எடுத்துட்டான். இன்ஜின் வேலையெல்லாம் அப்போ நம்ம ஆளுங்களுக்குத்தான்.”

“நம்ம ஆளுங்கன்னா யாரு ஆன்ட்டி?”

மாவைப் பிசைந்தாள்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். ஜெரால்டு தாத்தா சாகும்போது அவளிடம் மட்டும் சொன்னாராம், 2003-இல். டாடியிடம் சொல்லவில்லை, டெஸ்மண்டுக்கு வாய் நிற்காது என்று.

2003. அம்மா போனது 2010.

அதைச் சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

“குழியைத் திறக்கணும்னா அப்பவும் பேப்பர் கேப்பாங்க மேன். சாமியார் பழைய புக்க எடுப்பாரு. உங்கப்பா, நான், என் ஸ்கூல், என் மாப்பிள்ளை வீடு, எல்லாம் என்ன ஆயிருக்கும்? திறக்கக் கூடாது. என்னமாச்சும் சொல்லணும். ரத்தம்னு வாயில வந்துருச்சு.”

அவளும் அழவில்லை. அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

தட்டை நான் தள்ளிவிட்டேன் என்று டாடியிடம் போனில் சொல்லியிருக்கிறாள். தட்டு மேசையின் விளிம்பில் இருந்தது. விழுந்தது.

27 நவம்பர், புதன்

ஒரே நாளில் நாற்பது இம்பெல்லர் சக்கரங்களை ரிஜெக்ட் செய்தேன். சூப்பர்வைசர் கெஞ்சினார். அளவு அளவுதான்.

30 நவம்பர், சனி

டாடியிடம் சொல்லிவிட்டேன். மெர்ல் ஆன்ட்டி சொல்லாதே என்று மூன்று முறை போன் செய்தாள்; செத்துப்போவார் என்றாள். இவர்கள் எல்லோரும் சொல்லாமல் இருந்ததில்தான் இவ்வளவும்.

மத்தியானம் கஞ்சி குடித்து முடித்ததும் நேராக ஆரம்பித்தேன். தேதி, பெயர், டைபாய்டு, சின்னப்பன், ஃபோர்மேன். ஒன்றையும் மெழுகவில்லை. மெஷின் புஸ் புஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. பாலமே இல்லை என்று சொன்னபோது மட்டும் முகம் கொஞ்சம் ஆடியது. ஆன்ட்டிக்கு 2003-லேயே தெரியும் என்றதும் மூக்குக் குழாயைக் கழற்றினார். மாட்டச் சொன்னேன். மாட்டவில்லை.

திட்டுவார், நம்பமாட்டார், நோராவைப் பொய்க்காரி என்பார் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அப்போ செல்விய ஏன் அங்க போட்டோம்?”

பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

4 டிசம்பர், புதன்

நோராவிடமிருந்து நீண்ட மின்னஞ்சல். நான் எல்லா உண்மையையும் எழுதியிருந்தேன், 19-ஐ நாங்கள் கோர முடியாது என்றும். மைக்கேலின் ரத்த உறவாக அவரே கல்லறைக் குழுவுக்குச் சான்றுகள் அனுப்பிவிட்டார். எல்லாம் வரிசையாக, குறையே இல்லாமல். மூன்று மைக்கேல்களில் இரண்டாமவன். கூடவே ஒப்புதல் ஒன்று: டெஸ்மண்ட் விரும்பினால் மைக்கேல் குழியிலேயே அவரை வைக்கலாம், எங்களுக்கு அது பெருமை, ரோசம்மா குடும்பத்துக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு.

டாடி ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. படித்துக் காட்டினேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு வேண்டாம் என்றார். தன்னைச் செல்விகிட்ட வைத்துவிடு என்றார். அவள் குழியை விடாமல் வாங்கி, அதில் மேலே தன்னை வைத்தால் போதும் என்றார்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் வந்ததெல்லாம் ஒன்றுமில்லை. பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் 233-க்கு வந்ததில்லை. 19-க்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, முட்டி வலிக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். பொது வரிசைக்கு நான் தனியாகப் போவேன். பன்னிரண்டு வயதிலிருந்து.

“அந்தக் குழி செல்வி ரத்தத்துக்கு மட்டும் டாடி. கட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு இல்ல.”

அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன், மாற்றாமல். 233-ஐ விடாமல் வாங்கப் போடும் மனுவில் கையெழுத்து என்னுடையது. மகன் என்ற முறையில் உரிமை எனக்குத்தான், இன்னாசிமுத்துவிடம் முன்பே கேட்டு வைத்திருக்கிறேன்.

“சரி மேன்” என்றார். “நீ சொல்றது ரைட்.”

எதிர்த்துப் பேசியிருக்கலாம். அப்பாதானே.

8 டிசம்பர், ஞாயிறு

பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் கல்லறைக் குழுக் கூட்டம். உரிமை கோருகிறவர்கள் பேசலாம். நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டரைக்கு டாடி குளித்து, கோட் போட்டு, சிறிய சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வரச்சொல்லிவிட்டாராம். கூடப் போனேன், சிலிண்டரில் இரண்டு மணி நேரத்துக்குத்தான் காற்று.

ஐம்பது அறுபது பேர். சட்டைக்கார வீடுகள் எல்லாம் ஒரு பக்கம், மெர்ல் ஆன்ட்டி முதல் வரிசையில் தொப்பியோடு. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து டாடியின் கையைப் பிடித்து, வீட்டுக்குப் போகலாம் டெஸ் என்றாள். அவர் அவள் கையைத் தன் கையிலிருந்து எடுத்துவிட்டார்.

19 என்று கூப்பிட்டதும் எழுந்தார். உட்கார்ந்தே பேசலாம் என்று சாமியார் சொன்னார். நின்றார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது. நானும் எழுந்து நின்று சிலிண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அந்தக் கல்லறை எங்களுது இல்ல ஃபாதர். என் தாத்தா பேரு பத்திரிசு. சமையல்காரர் சின்னப்பன் மகன். அந்தம்மா ரோசம்மா பார்த்துக்கிட்டாங்க, அதுக்கு மேல எங்களுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல.”

பின் வரிசையில் ஒருத்தன் சிரித்தான். அவனை எனக்குத் தெரியும்; ஷெட்டில் டாடிக்குக் கீழே வேலை பார்த்தவன். இத்தனை வருடம் ‘டியர்னன் சார்’ என்று சல்யூட் அடித்தவன்.

டாடி அதற்கும் நின்றார். சிரிப்பு முடிந்ததும் இன்னொன்று கேட்க வேண்டும் என்றார். பொது வரிசை 233-ஐக் கலைக்க வேண்டாம். தனக்காக இல்லை, தன்னை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், மூலையில் போட்டாலும் சரி. அவளைப் பார்க்கத் தன் மகன் வருடா வருடம் வருகிறான், அவனுக்காக வைத்திருங்கள் என்றார்.

பார்த்திருக்கிறார். அத்தனை வருடமும் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பார்த்துக்கொண்டு, எழுந்து வராமல்.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். சிலிண்டர் கையில் இருந்தது.

இன்னாசிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. திங்கள் 16 வரைக்கும் நேரம் இருக்குங், தம்பி வந்து எழுதிக் கொடுத்தாப் போதுமுங் என்றார். தொரை என்று சொல்லவில்லை.

மெர்ல் ஆன்ட்டி கூட்டம் முடிவதற்கு முன்பே போய்விட்டாள்.

12 டிசம்பர், வியாழன்

அம்மா நினைவு நாள். லீவு. டாடியையும் கூட்டிக்கொண்டு போனேன். தோட்டத்துப் பாதையில் சக்கர நாற்காலி போகவில்லை; நாற்பதடி தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. கோழிக்குஞ்சு கனம். 233 பக்கத்தில் இறக்கிவிட்டு நான் தள்ளி நின்றேன். என்ன பேசினார் என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

14 டிசம்பர், சனி

மனுவை இன்று மூன்று தடவை எழுதினேன். ‘அடுத்து அடக்கம் செய்யப்படுபவர்’ என்ற இடத்தை இரண்டு தடவை காலியாக விட்டேன். மூன்றாம் தடவை நிரப்பினேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. திங்கள் காலை பத்து மணிக்கு இன்னாசிமுத்துவிடம் மனு. 233 குடும்பக் குழியாக வேண்டும். உரிமையாளர் நான். இரும்புச் சிலுவையை எடுத்துவிட்டுக் கல் வைக்க வேண்டும். முழுப் பெயர், செல்வி என்று. கூட ‘டி’ போட்டால் கல்லைத் திருப்பி அனுப்புவேன்.

2. நோராவுக்கு நன்றி சொல்லி, டாடி அங்கே வரவில்லை என்று எழுத வேண்டும். கல் பெயராது, சிவப்பு எண்ணை நானே தின்னர் போட்டு அழிக்கிறேன் என்றும். ரோசம்மாவின் கணவர் பெயரையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அது தெரியாது.

3. பெரிய சிலிண்டர் ஒன்று கூடுதலாக வீட்டில் வைக்க வேண்டும். கிறிஸ்மஸ் வாரம் கடைக்காரன் போன் எடுக்கமாட்டான்.

4. மெர்ல் ஆன்ட்டி வீட்டுக்குக் கிறிஸ்மஸுக்கு டாடியைக் கொண்டுபோய் வாசலில் விடுவேன். உள்ளே போகமாட்டேன். குல்குல் கொடுத்தனுப்பினால் திருப்பி அனுப்புவேன். அவள் 233-க்கு ஒரு தடவை வந்து, எனக்கு முன்னால் இல்லை, அம்மாவுக்கு முன்னால் நிற்கிற வரைக்கும்.

5. ரோசம்மாவை எங்கே புதைத்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வெள்ளைக்காரர் கல்லறையை நூற்றுப் பதினாறு வருடம் பார்த்துக்கொண்ட குடும்பத்தில், அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது. மூலைக் குழியாகத்தான் இருக்கும். அப்படியானால் மூலைக் குழிக்கு ஒரு கல்.

6. டாடியிடம் மனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. தன்னை மூலையில்தான் போடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறார். எனக்குக் கோபம் தீரவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தமிழ் படிக்கத் தெரியாது அவருக்கு. நாளைக் காலை மெஷின் ஃபில்டர் மாற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக நானே படித்துக் காட்ட வேண்டும்.